முதிர்ச்சி நிலையத்தின் நீலச் சால்வை

கோட்டைமேட்டுச் சந்து ஒன்றில் சாயப்பட்டறை வைத்திருக்கும் பக்ருன்னிசாவுக்குப் பெயர்ப்பலகை தேவைப்பட்டதில்லை. பெரிய ஜவுளிக்கடைகளில் புடவை எடுப்பவர்கள், "இதுக்கு மேட்சா ஜாக்கெட் துணி வேணும்" என்று நின்றால், கடைக்காரர்கள் புடவையையும் ஒரு வெள்ளைத் துணியையும் சேர்த்துக் கட்டி அவளிடம் அனுப்பிவிடுவார்கள். சாயங்காலம் இரண்டும் ஒரே நிறத்தில் திரும்பி வரும். இருபத்திரண்டு வருடங்களில் இரண்டு தடவைதான் நிறம் தவறியிருக்கிறது. அதில் ஒன்று, மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில் புடவையை மாற்றியதால் நேர்ந்தது.

இந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் பருத்தி நார் முதிர்ச்சி நிர்ணய நிலையம் தன் வெள்ளி விழாச் சால்வைகளுக்குச் சாயம் போட அவளைத் தேர்ந்தெடுத்தது.

அவிநாசி ரோட்டில் இருக்கும் அந்த நிலையத்துக்கு ஒரே ஒரு வேலைதான். கொண்டுவந்து காட்டும் பஞ்சு முற்றியதா இல்லையா என்று சொல்ல வேண்டும். இதற்காக நான்கு மாடிகளும் தொண்ணூற்றாறு பேரும் இருந்தார்கள். 'முத்தினது' என்ற சொல்லை வளாகத்துக்குள் பயன்படுத்தக் கூடாது, 'முதிர்ச்சி' என்றே சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை போட்டிருந்தார்கள். கேன்டீனில் வெண்டைக்காய் நறுக்குகிறவர்களும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

சால்வைத் துணி சாதாரணத் துணி அல்ல. உடுமலைப்பேட்டைப் பக்கம் இருந்த நிலையத்தின் சொந்தப் பண்ணையில், நிலையமே கண்டுபிடித்த 'பூரணி' ரகத்தில் விளைந்த பஞ்சை நூற்று, நெய்து, வெளுத்து அனுப்பியிருந்தார்கள். நூற்றெண்பது சால்வைகள். கருநீலம் வேண்டும் என்று சொன்னார்கள்.

பக்ருன்னிசா முதல் பத்து சால்வைகளை அண்டாவில் முக்கி எடுத்து அலசிக் கொடியில் போட்டாள். காய்ந்ததும் அருகில் போய்ப் பார்த்தவள் திகைத்துவிட்டாள். நீலம் நன்றாகத்தான் பிடித்திருந்தது. ஆனால் துணி முழுக்க, யாரோ ரவையை வாரி இறைத்ததுபோல், வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். திரும்ப முக்கினாள். நீலம்தான் கறுத்தது, புள்ளிகள் அப்படியே இருந்தன. அவள் தன் பழைய தலையணை உறை ஒன்றைக் கிழித்து அதே அண்டாவில் போட்டாள். அது மாசு மருவில்லாத கருநீலமாக வெளியே வந்தது.

"சாயத்துல கொறையில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சால்வை ஒன்றையும் தலையணை உறைத் துண்டையும் பையில் போட்டுக்கொண்டு நிலையத்துக்குக் கிளம்பினாள்.

வாசலில் காவலாளி ஒரு படிவம் நீட்டினார். உள்ளே வரும் எதற்கும் அந்தப் படிவம்தானாம். ரகம், விளைந்த ஊர், பறித்த தேதி, குப்பை சதவீதம் என்று கட்டங்கள் இருந்தன.

"ஏனுங்க, இது பஞ்சுக்குண்டான பாரமாச்சே?"

"ஒரே பாரம்தான் அச்சடிச்சிருக்காங்க பாயம்மா. நானே நெரப்பிப்போடறேன்" என்றார் அவர். ஊர் என்ற இடத்தில் கோட்டைமேடு என்று எழுதினார். ரகம் என்ற இடத்தில் சற்று யோசித்து 'நாட்டு ரகம்' என்று போட்டார். குப்பை சதவீதம் என்ற இடத்தில் மரியாதையாக 'இல்லை' என்று எழுதினார்.

பிறகு அவளை ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். 'ஈரப்பதம் 65 சதவீதம். வெப்பம் 27 டிகிரி. பேச வேண்டாம், ஈரம் கூடும்' என்று சுவரில் எழுதியிருந்தது.

"எத்தனை நேரமுங்க இருக்கோணும்?" என்று கூட வந்த காவலாளியைக் கேட்டாள்.

"நாலு மணி நேரமுங்க. பஞ்சு வெளிய இருந்து வந்தா இந்தக் காத்துல வெச்சுப் பதப்படுத்தித்தான் சோதிப்பாங்க. ஆளுகளுக்கும் அதே ரூல்ஸ் போட்டுட்டாங்க. டைரக்டர் ரூமுக்குள்ள வெளிக்காத்து போனா அவுரு முடிவு மாறிப்போகுமாமா."

நான்கு மணி நேரம் கழித்து, பதப்பட்ட பக்ருன்னிசாவை இயக்குநர் முனைவர் தம்பிதுரை வரவேற்றார். அன்பான மனிதர். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். சால்வையைப் பார்த்ததும் அவர் முகத்தில் வருத்தம் படர்ந்தது.

"ஏனுங்கம்மா, சாயத்தை இப்படிப் பண்ணிப்போட்டீங்களே?"

அவள் தலையணை உறைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள். "அதே அண்டா, அதே சாயமுங்க. இது சுத்தமா வந்திருக்குது பாருங்க. பஞ்சு முத்தலையோன்னு..."

தம்பிதுரை கையை உயர்த்தித் தடுத்தார். "இந்தக் கட்டடத்துல அந்த வார்த்தை வேண்டாமுங்க. பூரணி முதிர்ச்சியடைஞ்ச பஞ்சு. மெஷின்ல நாலு புள்ளி ஒண்ணு வந்திருக்குது. நம்ம நாட்டுலயே நல்ல நம்பருங்க அது."

"ஒரு நாரை எடுத்துக் கண்ணாலே பாத்தா தெரியாதுங்களா?"

"தனி நாரா?" அவர் சிரித்தார். "இருபத்தஞ்சு வருசமா இங்க ஒரு நாரைக்கூடத் தனியாப் பாத்ததில்லீங்கம்மா. மைக்ராஸ்கோப் இருக்குது. ஆனா அதுல பாத்தா ஒவ்வொரு நாரும் ஒவ்வொரு மாதிரி தெரியுது. அதை வெச்சு எப்படி ஒரு முடிவுக்கு வர்றது? நாங்க சராசரி பாக்கறவங்க. எங்களை ஆளெடுத்ததும் சராசரி மார்க்கை வெச்சுத்தான். ஏதாச்சும் கொறை வந்துச்சா?"

பக்ருன்னிசா சால்வையையும் துண்டையும் பையில் எடுத்துப் போட்டாள். கும்பிட்டுவிட்டு வந்தாள். மிச்சச் சால்வைகளையும் முக்கி, புள்ளிகளோடு அனுப்பி வைத்தாள்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. ஐந்து பேர் கொண்ட குழு கூடி ஆராய்ந்ததாம். 'பஞ்சின் முதிர்ச்சி ஐயத்துக்கு அப்பாற்பட்டது. சாயமிட்டவரின் முதிர்ச்சியின்மையே புள்ளிகளுக்குக் காரணம். அவர் மூன்று நாள் முதிர்ச்சிப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கும் வரை அவருக்கு வேலை தர வேண்டாம்' என்று எழுதியிருந்தது. ஊரில் உள்ள ஜவுளிக்கடைகளுக்கெல்லாம் நகல் போயிருந்தது.

அவளுக்கு அதிகம் வேலை கொடுத்த கடையின் மேனேஜர் சபரீஷ் போனில் கூப்பிட்டான். "அக்கா, எனக்கு உங்களைத் தெரியுங்க. ஆனா மொதலாளி கவர்மென்ட்டு லெட்டர்னு பயப்படறாரு. அந்த சர்ட்டிபிகேட்டை வாங்கிருங்களே." மறுநாளிலிருந்து துணிக் கட்டு வரவில்லை. ரம்ஜானுக்குக்கூட ஒரு நாள்தான் அண்டாவைக் கவிழ்த்து வைப்பாள். இப்போது அது ஒரு வாரம் கவிழ்ந்தே கிடந்தது. நீலமும் சிவப்பும் ஏறியிருந்த அவள் விரல் நகங்கள் வெளுக்கத் தொடங்கின. அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள்.

வகுப்பில் அறுபது நாற்காலிகள் இருந்தன. வந்திருந்தவள் அவள் ஒருத்திதான். தம்பிதுரையே பாடம் எடுத்தார். முதலில் வருகைப் பதிவேட்டைத் திறந்து, "பக்ருன்னிசா" என்று அழைத்துவிட்டு நிமிர்ந்து அறை முழுவதும் தேடினார்.

"இருக்கேனுங்க."

பாடத்தை அவர் நன்றாகவே நடத்தினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். "பஞ்சு நாருங்கறது ஒரு குழாய். பூ உதிர்ந்த பின்னால மொத இருபது, இருபத்தஞ்சு நாள் அது நீளமா வளரும். அப்ப தோல் மெல்லிசா, வெறும் சவ்வு மாதிரி இருக்கும். அதுக்கப்புறமும் அதே அளவு நாள் காய்க்குள்ள இருந்தாத்தான் உள்பக்கம் தெனம் ஒரு படலமா ஏறி சுவர் தடிக்கும். தடிச்ச சுவர்தான் நாருக்குப் பலம். சாயம் போய் உக்கார்றதும் அந்தச் சுவர்லதான். பாதியிலயே பறிச்சுட்டா நார் தட்டையாச் சப்பி, இழுத்தா அந்துரும், ஒண்ணோட ஒண்ணு சிக்கி முடிச்சு முடிச்சா நிக்கும், சாயமும் புடிக்காது."

பக்ருன்னிசா எழுந்து நின்றாள். "அய்யா, அப்ப அந்த முடிச்சுகதானே சால்வையில வெள்ளையாத் தெரியறது?"

தம்பிதுரை தன் காகிதங்களை முன்னும் பின்னும் புரட்டினார். "சால்வை சிலபஸ்ல இல்லீங்கம்மா" என்றார் வருத்தத்தோடு.

இரண்டாம் நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஆய்வகத்தில் வேலை பார்க்கும் லோகப்பிரியா அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். மைக்ராஸ்கோப்பின் உறையைக் கழற்றி, பூரணி நார்களைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பினாள்.

"பாருங்கக்கா. முத்துன நார் சோடாவைக் குடிச்சு உருண்டையா ஊதி நிக்கும். முத்தாதது நாடா மாதிரி சப்பியே கெடக்கும்."

பக்ருன்னிசா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். கொழுத்த குழாய்களுக்கு நடுவே, காற்றிறங்கிய சைக்கிள் டியூப் போலப் பல நார்கள் முறுக்கிக் கிடந்தன.

"நூத்துக்கு முப்பத்துநாலு இப்படி இருக்குதுங்கக்கா. பஞ்சு வந்தன்னிக்கே எண்ணி எழுதிக் குடுத்தேன். 'அறிக்கையின் மொழியில் முதிர்ச்சி இல்லை'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"மெஷின்ல நல்ல நம்பர் வந்துச்சுன்னாரே?"

"மெஷின் பஞ்சை அடைச்சுக் காத்தை ஊதிப் பாக்குது. காத்து எவ்வளவு சுளுவாப் போகுதுங்கறதுதான் அந்த நம்பர். பூரணி சுபாவத்துலயே தடிச்ச நாரு. அது முத்தாட்டியும் காத்து நல்லாத்தான் போகும். மெலிசான ரகம் நல்லா முத்துனாலும் இதே நம்பரு வரும். ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல அதுக்குத் தெரியாதுங்க." லோகப்பிரியா ஒரு சிட்டிகைப் பஞ்சை இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவே வைத்து, பக்ருன்னிசாவின் காதோரம் கொண்டுபோய் இழுத்தாள். "நல்ல பஞ்சு டப்புனு சத்தத்தோட அறும். கேட்டுச்சா?"

ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சு சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்திருந்தது.

மூன்றாம் நாள் பண்ணையைப் பார்வையிட வேண்டும். நிலையத்தின் வேன் விழா வேலையாகப் போயிருந்ததால், பயிற்சி பெறுபவர் சொந்தப் பொறுப்பில் போய்வரலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பக்ருன்னிசா உக்கடத்தில் பஸ் ஏறி உடுமலைப்பேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, தென்னந்தோப்புகளைத் தாண்டிப் பண்ணைக்குப் போனாள். அங்கே பூவாத்தாள் என்ற பெண்மணி தனியாகக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பண்ணை தொடங்கிய நாளிலிருந்து அங்கே வேலை செய்கிறவள்.

பக்ருன்னிசா சால்வையைக் காட்டினாள். பூவாத்தாள் மண்ணைத் துடைத்துவிட்டு விரலால் புள்ளிகளைத் தடவினாள்.

"பிஞ்சுப் பஞ்சு அம்மணி இது. நாந்தான் பறிச்சேன்."

"எதுக்குங்க பிஞ்சுலயே பறிச்சீங்க?"

"சொன்னாங்க, பறிச்சேன். விழாவுக்கு நாள் குறிச்சுப்போட்டாங்களாமா. நூக்கறதுக்கு, நெய்யறதுக்கு, உன்ற சாயத்துக்குன்னு பின்னாடி எண்ணிப் பாத்தா, அவங்க பறிக்கச் சொன்ன தேதிக்குக் காய் வெடிக்க இன்னும் இருவது நாள் இருக்குது. 'இன்னும் இருவது நாள் கழியட்டும் சாமி'ன்னேன். அதுக்கு ஒரு பேப்பரைக் கொண்டாந்து வரப்புல கட்டிப்போட்டுப் போனாங்க."

பேப்பர் இன்னும் அங்கேதான் இருந்தது. மழைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் குச்சியில் கட்டியிருந்தார்கள். பக்ருன்னிசா குனிந்து படித்தாள். 'சுற்றறிக்கை. பண்ணையிலுள்ள அனைத்துக் காய்களும் 12ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் முதிர்ச்சியடைந்துவிட வேண்டும். தவறினால் விளக்கம் கோரப்படும்.'

"செடி பக்கத்துலயே கட்டிருக்காங்க பாத்தியா?" என்றாள் பூவாத்தாள். "அதுகளுக்குத் தெரியோணுமில்ல. அப்பறம் பச்சைக் காயைப் பறிச்சு வெயில்ல போட்டு வெடிக்க வெச்சோம். கொஞ்சம் முன்னாடி பூத்த காய்களும் இருந்துச்சு. அதுக மட்டுந்தான் தப்பிச்சுது."

பக்ருன்னிசா திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தப்பு தன்னுடையது அல்ல என்று அவளுக்கு முன்பே தெரியும். இப்போது அது யாருடையது என்றும் தெரிந்துவிட்டது. ஆனால் கடையில் போய் எதைக் காட்டுவது? மைக்ராஸ்கோப்பையா, பூவாத்தாளையா?

வெள்ளி விழா அன்று சான்றிதழ் வாங்க அவளும் போனாள். வேறு சால்வைக்கு நேரமில்லாததாலும், வேறு சால்வை போர்த்தினால் பூரணி எங்கே என்று யாராவது கேட்பார்கள் என்பதாலும், புள்ளிச் சால்வைகளையே மடித்து அடுக்கியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் சைத்ரா, பெங்களூரில் ஆடை நிறுவனம் நடத்துபவர். தம்பிதுரை அவருக்கு முதல் சால்வையைப் போர்த்தும்போது, புள்ளிகள் உள்பக்கம் போகட்டும் என்று இரண்டு முறை திருப்பினார். ஆனால் புள்ளிகள் இரண்டு பக்கமும் இருந்தன.

சைத்ரா சால்வையை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். "அய்யோ, எவ்வளவு அழகா இருக்கு! ராத்திரி வானம் மாதிரி. இதை எப்படிச் செஞ்சீங்க?" என்றார் மைக்கிலேயே.

தம்பிதுரை ஒரு கணம்தான் தடுமாறினார்.

"இது எங்கள் நிலையத்தின் இருபத்தைந்து ஆண்டு ஆராய்ச்சியின் விளைவு" என்று தொடங்கினார்.

"சாயம் போட்டவங்க பெரிய கைகாரங்களா இருக்கணுமே?" என்றார் சைத்ரா.

"இதில் சாயத்துக்கு எந்தப் பங்கும் இல்லை" என்றார் தம்பிதுரை உறுதியாக. "சாயம் போட்டது ஏதோ ஒரு சாதாரணப் பட்டறை. பெருமை முழுவதும் எங்கள் பஞ்சையே சேரும். நூற்றுக்கு முப்பத்துநான்கு நார்கள் சாயத்தை ஏற்காதபடி, சுவர் தடிக்கும் முன்பே, சரியான நேரத்தில் பறித்திருக்கிறோம். எந்தச் சாயக்காரர் முக்கினாலும் இந்தப் புள்ளிகள் மறையாது. இதற்கு நானே பொறுப்பு."

கைதட்டல் எழுந்தது. பின்வரிசையில் லோகப்பிரியா தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அதற்குள் அடுத்த விருந்தினருக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் மில் அதிபர், நல்ல அகலமான தோள். சால்வையைச் சற்று இழுத்ததும் அது பர்ரென்று முதுகுவரை கிழிந்தது.

"மண்ணோடு எளிதில் கலக்கக்கூடியது" என்றார் தம்பிதுரை. மறுபடியும் கைதட்டினார்கள்.

சான்றிதழ் வாங்க மேடை ஏறிய பக்ருன்னிசா மைக்குக்கு அருகில் நின்றுகொண்டாள்.

"அய்யா, இப்ப சொன்னதை எழுத்துல குடுப்பீங்களா? சாயத்துக்குப் பங்கில்லைங்கறதை?"

தம்பிதுரைக்கு அவள் யார் என்பது நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. தன் கண்டுபிடிப்பை இவ்வளவு அக்கறையாகக் கேட்கும் ஒரு பொதுஜனத்தைக் கண்டு அவர் நெகிழ்ந்துபோனார்.

"எழுத்துலயா? புத்தகமாவே போடறமுங்கம்மா!"

போட்டார்கள். இரண்டே வாரத்தில் 'விண்மீன் பருத்தி' என்று வழவழப்பான தாளில் முப்பது பக்கம். லோகப்பிரியாவின் பழைய அறிக்கையைத் தேடி எடுத்து, அவளுடைய எண்ணிக்கையை அப்படியே சேர்த்திருந்தார்கள். முப்பத்துநாலு என்ற எண்ணைச் சுற்றித் தங்க நிறத்தில் பூ வேலை. ஏழாம் பக்கத்தில், புள்ளிகளுக்கு முழுக் காரணமும் முதிராத நாரே, சாயமிடுபவர் எவ்வகையிலும் பொறுப்பல்லர் என்று இயக்குநர் கையெழுத்திட்டிருந்தார். பக்ருன்னிசா இரண்டு பிரதிகள் வாங்கினாள். ஒன்றை உடுமலைப்பேட்டை பஸ்ஸில் பூவாத்தாளுக்குக் கொடுத்தனுப்பினாள். சான்றிதழை வீட்டிலேயே வைத்துவிட்டு, இன்னொன்றின் ஏழாம் பக்கத்தை மடித்து ஜவுளிக்கடைக்கு எடுத்துப் போனாள்.

சபரீஷ் இரண்டு தடவை படித்தான். "அக்கா, இதைக் கொறையின்னு எழுதறாங்களா, பெருமைன்னு எழுதறாங்களா?"

"அது அவங்க பாடு கண்ணு. என்ற சாயத்துல தப்பில்லைன்னு இருக்குதல்ல?"

"இருக்குதுங்க, கையெழுத்தோட."

"அப்ப துணியை அனுப்பி வையி."

அன்று சாயங்காலமே பதினோரு கட்டுகள் வந்தன. ஒரு வாரத்தில் அவள் நகங்களில் பழையபடி நிறம் ஏறிவிட்டது.

சைத்ராவின் நிறுவனம் அடுத்த வருடத்துக்கு இரண்டாயிரம் விண்மீன் சால்வைகள் கேட்டிருந்தது. கிழிவதை மட்டும் சரிசெய்யச் சொன்னார்கள். நிலையம் அதற்கொரு குழு அமைத்தது. குழு கூடி, துணைக்குழு கூடி, பறிக்கும் தேதியைப் பற்றிய சுற்றறிக்கையில் எந்தச் சொல்லைப் போடுவது என்று விவாதித்தது. 'முதிர்ச்சியடையாமல் இருக்க வேண்டும்' என்று முதிர்ச்சி நிலையமே எழுதலாமா என்பதில் இரண்டு கருத்துகள் இருந்தன. சுற்றறிக்கை பண்ணைக்குப் போய்ச் சேருவதற்குள் பருத்தி தானாக வெடித்து, செடி செடியாக வெள்ளை பூத்து நின்றது. பூவாத்தாள் நிதானமாகப் பறித்து அனுப்பினாள்.

அந்தத் துணியும் பக்ருன்னிசாவிடம்தான் சாயத்துக்கு வந்தது. முக்கி, அலசி, கொடியில் போட்டாள். விரித்த இடமெல்லாம் கருநீலம். நெய்த நூலைத் தேடினால்கூடக் கண்ணுக்குத் தட்டுப்படாத நீலம். ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். துணி அவளையே திருப்பி இழுத்தது.

தம்பிதுரை நேரிலேயே பட்டறைக்கு வந்தார். கொடிக்குக் கீழே நின்று ஒவ்வொரு சால்வையாகத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஒரு புள்ளிகூட இல்லையேங்கம்மா."

"இல்லீங்க."

"என்ன பண்ணுனீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. இந்தத் தடவை பஞ்சு நல்லா முத்திருச்சுங்க."

அவர் சால்வையைக் கையில் பிடித்தபடியே நின்றார். பார்க்கப் பாவமாக இருந்ததால் பக்ருன்னிசா ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"முத்திருச்சா?" என்றார். இருபத்தாறு வருடங்களில் அந்த வார்த்தை அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. "யாரைக் கேட்டு முத்துச்சு?"